ஒரே டிவி, இரண்டு கன்ட்ரோலர்: ஹேலோ இன்ஃபினிட் பற்றி

எக்ஸ்பாக்ஸில் ஆடும் ஹேலோ என்ற அறிவியல் புனைகதைச் சுடும் வீடியோ ஆட்ட வரிசையில் கைக்கு மிக இணக்கமாக அமைந்த ஆட்டம் எது என்று என்னைக் கேட்டால், தயக்கமில்லாமல் ஹேலோ இன்ஃபினிட் என்று சொல்வேன். எங்கள் வீட்டில் எல்லோரும் கூடி மிகக் குறைவாக ஆடிய ஹேலோ எது என்று கேட்டாலும் அதே பெயரைத்தான் சொல்ல வேண்டியிருக்கிறது. இந்த இரண்டு பதில்களும் எப்படி ஒருசேர உண்மையாகின்றன என்பதை விளக்கவே இதை எழுதுகிறேன். 2021 டிசம்பரிலிருந்து விட்டுவிட்டாவது இதை ஆடி வருகிறேன். கடலூரிலும் புதுச்சேரியிலும் என்னோடு ஆடியவர்கள் சொன்னவற்றையும் சேர்த்தே எழுதுகிறேன்.

முதலில், நாங்கள் எங்கிருந்து இந்த ஆட்டத்துக்கு வந்தோம் என்பதைச் சொல்லிவிட வேண்டும். புதுச்சேரியில் பல குடும்பங்களுக்கு இருப்பதுபோல எங்களுக்கும் பிரான்சில் உறவு உண்டு. 2010-இல் விடுமுறைக்கு வந்த சித்தப்பா ஓர் எக்ஸ்பாக்ஸ் 360-ஐயும், ஹேலோ 3, ஹேலோ ரீச் ஆகிய இரண்டு வட்டுகளையும் கடலூர் மஞ்சக்குப்பத்தில் உள்ள எங்கள் வீட்டில் வைத்துவிட்டுப் போனார். வட்டுகள் பிரெஞ்சில்தான் பேசின. கதை என்னவென்று எங்களுக்குப் பாதிகூடப் புரியவில்லை. ஆனால் திரை மேலும் கீழுமாக இரண்டாகப் பிரிந்து, மேல்பாதியில் அண்ணனும் கீழ்ப்பாதியில் நானும் நின்றபோது, புரிய வேண்டியது புரிந்துவிட்டது. அவன் வண்டியை ஓட்டுவான், நான் பின்னால் நின்று சுடுவேன். அவன் செத்தால் அவன் திரும்பி வரும்வரை நான் மறைந்து நிற்க வேண்டும். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூரைச் சிதைத்துப் போட்டுப் பல நாள் கழித்து மின்சாரம் வந்த இரவில், நாங்கள் முதலில் போட்டது விசிறி, அடுத்து போட்டது ஹேலோ ரீச். எனக்கு ஹேலோ என்றால் இதுதான்: பக்கத்தில் ஓர் ஆள்.

இந்த வரிசையின் முதல் ஆட்டம் 2001 நவம்பர் 15 அன்று, முதல் எக்ஸ்பாக்ஸோடு ஒரே நாளில் வெளிவந்தது. பங்கி நிறுவனம் அதை உருவாக்கியது. 2004, 2007 ஆண்டுகளில் அடுத்த இரண்டு பாகங்களையும், 2010-இல் ரீச்சையும் தந்துவிட்டு வேறு பாதையில் போயிற்று. அதன்பின் மைக்ரோசாஃப்ட் இதற்கென்றே அமைத்த 343 இண்டஸ்ட்ரீஸ் 2012-இல் ஹேலோ 4, 2015-இல் ஹேலோ 5 ஆகியவற்றை வெளியிட்டது. ஐந்தாம் பாகத்தில் இரண்டு காயங்கள் இருந்தன. ஒன்று, வரிசையின் நாயகனான மாஸ்டர் சீஃபின் பெயரைச் சொல்லி விற்ற ஆட்டத்தின் 15 கட்டங்களில் 3-இல் மட்டுமே அவராக ஆட முடிந்தது. மீதியெல்லாம் லாக் என்ற புதிய வீரனின் பயணம். மற்றொன்று, ஹேலோவின் முதன்மை வரிசையில் முதன்முறையாகத் திரையைப் பிரித்து இருவர் ஆடும் வசதி முழுவதுமாக எடுக்கப்பட்டிருந்தது. எதிர்ப்பு எவ்வளவு வலுவாக இருந்தது என்றால், இனி வரும் ஹேலோ சுடும் ஆட்டங்கள் அனைத்திலும் அந்த வசதி இருக்கும் என்று 2017-இல் 343-இன் தலைமையே வெளிப்படையாக உறுதி கூறியது. இந்த உறுதிமொழியை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன். பின்னால் இதற்குத் திரும்பி வருவேன்.

ஆறு ஆண்டுகள் கழித்து, முதல் ஆட்டம் வந்து இருபது ஆண்டுகள் ஆன பிறகு, இன்ஃபினிட் வந்தது. இடையில் 2020 ஜூலையில் காட்டிய முன்னோட்டம் கடுமையாக விமர்சிக்கப்பட்டு, அந்த ஆண்டு இறுதியில் புதிய கன்சோலோடு வர வேண்டிய ஆட்டம் ஓராண்டு தள்ளிப்போனது. முதல் ஹேலோவின் கதையில் பங்கு கொண்டவரான ஜோசஃப் ஸ்டேட்டன் மீண்டும் அழைக்கப்பட்டார். அந்த ஓராண்டு வீண்போகவில்லை என்பது கன்ட்ரோலரைக் கையில் எடுத்த முதல் பத்து நிமிடத்திலேயே தெரிகிறது.

இந்த ஆட்டத்தின் உயிர் கிராப்பிள்ஷாட். இடக்கையிலிருந்து பாயும் கொக்கியும் கயிறும்தான் அது. ஆனால் அது ஒன்று வந்ததும் பழைய ஹேலோவின் ஒவ்வொரு பொருளுக்கும் இரண்டாவது பயன் ஒன்று பிறந்துவிடுகிறது. பாறையில் மாட்டினால் ஏறலாம். எதிரியின் மேல் மாட்டினால் அவனை நோக்கிப் பறந்துபோய்க் குத்தலாம். தொலைவில் கிடக்கும் துப்பாக்கியில் மாட்டினால் அது கைக்கு வரும். வெடிக்கும் உருளையில் மாட்டினால் அதுவும் கைக்கு வரும், வந்த வேகத்தில் திருப்பி எறியலாம். எதிரி ஓட்டிவரும் வண்டியில் மாட்டினால் நீங்கள் அந்த வண்டியின் மேல் போய் நிற்பீர்கள், அவனை இறக்கிவிட்டு அதை ஓட்டலாம். கட்டங்களுக்கிடையே ஆங்காங்கே கிடைக்கும் ஸ்பார்ட்டன் கோர்களைச் சேர்த்து இந்தக் கொக்கியை மேம்படுத்தினால், மாட்டிய எதிரி மின்சாரம் பாய்ந்து சில நொடி உறைந்து நிற்பான்.

எனக்கு நன்றாக நினைவிருக்கும் ஒரு சண்டையைச் சொன்னால் இது விளங்கும். ஒரு மலைச்சரிவில் பேனிஷ்டு என்ற வேற்றுக்கோள் எதிரிப் படையின் முகாம். மேல்தளத்தில் ஈர்ப்புச் சுத்தியல் ஏந்திய தலைவன் ஒருவன், கீழே குட்டையான கிரண்ட்கள் ஏழெட்டு, பக்கவாட்டுக் கோபுரத்தில் குறிபார்த்துச் சுடும் ஜேக்கால் ஒன்று. பழைய ஹேலோவில் இதை ஒரு வரிசையில்தான் முடித்திருப்பேன்: முதலில் ஜேக்கால், பிறகு கிரண்ட்கள், கடைசியில் தலைவன். இங்கே கோபுரத்துக்குக் கொக்கி போட்டு ஏறி ஜேக்காலை வீழ்த்தி, அங்கிருந்தே கீழே நின்ற உருளையை இழுத்து எறிந்து கிரண்ட்களைச் சிதறடித்து, தலைவன் பாய்ந்து வரும் நேரத்தில் கயிற்றில் தொங்கி அவன் தலைக்கு மேலாகக் கடந்து, அவன் விட்டுவந்த மேல்தளத்தில் இறங்கி, அங்கே கிடந்த நீட்லரால் முதுகில் ஊசிகளை இறைத்து முடித்தேன். எல்லாம் சேர்ந்து அரை நிமிடம்கூட இருக்காது. அதே முகாமை என் அண்ணன் மகன் ஒரு வண்டியை மட்டும் வைத்துக்கொண்டு முற்றிலும் வேறு விதமாக முடித்தான். தோற்றால் "இது நியாயமில்லை" என்ற எண்ணமே வராமல், "வேறு வழியில் போயிருக்கலாம்" என்ற எண்ணம் வரும்படி ஒரு சண்டையை அமைப்பது மிகக் கடினமான கலை. இன்ஃபினிட் அதை மீண்டும் மீண்டும் செய்துகாட்டுகிறது.

துப்பாக்கிகளின் எடையும் ஒலியும் குறித்து நீண்ட நேரம் பேசலாம். மூன்று குண்டுகளாகச் சுடும் பேட்டில் ரைஃபிள் பழைய நண்பனைப் போலவே இருக்கிறது. ஆனால் எனக்குப் பிடித்தது புதிதாக வந்த மேங்கலர் என்னும் கனத்த கைத்துப்பாக்கி. குண்டு சற்றே தாழ்ந்து விழும், அதைக் கணக்கிட்டுச் சுடக் கற்றுக்கொண்ட பிறகு ஒவ்வொரு அடியும் நம் உழைப்பால் பெற்றதாகத் தோன்றும். கேடயக் கவசம் உடையும்போது எழும் அந்தச் 'சட்' என்ற ஒலியைக் கேட்டு, கண்ணால் பார்க்காமலே எதிரியின் நிலையை அறிந்துவிடலாம்.

அந்தச் சண்டைகள் நடக்கும் நிலம் அவ்வளவு வளமாக இல்லை. ஸீட்டா ஹேலோ என்ற வளையத்தின் ஒரு பகுதியில் நாம் விரும்பிய திசையில் திரியலாம். முகாம்களை மீட்கலாம், சிக்கிக்கொண்ட வீரர்களைக் காப்பாற்றலாம், கோபுரங்களை உடைக்கலாம். ஆனால் எங்கு போனாலும் அதே ஊசியிலை மரங்கள், அதே புல், அதே சாம்பல் நிறப் பாறை. உள்ளே போனால் அறுகோண வடிவங்கள் நிறைந்த அதே உலோகத் தாழ்வாரம். ஹேலோ 3 ஒரே ஆட்டத்தில் காட்டில் தொடங்கி, நெடுஞ்சாலை வழியாகப் போய், பாலைமணலையும் பனியையும் காட்டிவிட்டு முடிந்தது. இங்கே பனி இல்லை, பாலை இல்லை, கடல் இருந்தும் கடற்கரையில் நின்று போராடும் ஒரு பெரிய கட்டம் இல்லை. சில்வர் பீச்சுக்குப் பக்கத்தில் வளர்ந்தவர்களுக்கு அது ஒரு குறைதான்.

கதை குறித்து எங்களுக்குள் ஒருமித்த கருத்து இல்லை. ஐந்தாம் பாகம், சீஃபின் துணையாக இருந்த செயற்கை நுண்ணறிவான கோர்ட்டானாவைப் பகையாக்கி முடித்திருந்தது. அந்தப் பகை என்ன ஆயிற்று என்பதை அறிய ஆறு ஆண்டுகள் காத்திருந்தவர்களுக்கு, அதன் பெரும்பகுதி ஆட்டம் தொடங்குவதற்கு முன்பே முடிந்துவிட்டது என்றும், துண்டு துண்டான நினைவுக் காட்சிகளில் பார்த்துக்கொள்ளுங்கள் என்றும் இன்ஃபினிட் சொல்கிறது. போதாததற்கு, தொடக்கத்திலேயே மாஸ்டர் சீஃபை அடித்து விண்வெளியில் வீசும் ஏட்ரியாக்ஸ் யார் என்பது 2017-இல் வந்த ஹேலோ வார்ஸ் 2 என்ற வியூக ஆட்டத்தை ஆடியவர்களுக்குத்தான் தெரியும். அண்ணனுக்கு இது பெரும் ஏமாற்றம். எனக்கு அந்த ஏமாற்றத்தை மூன்று பேர் ஈடுசெய்தார்கள்: சீஃப், அவரை மீட்கும் அச்சம் நிறைந்த விமானி, 'தி வெப்பன்' என்று மட்டும் அழைக்கப்படும் இளம் செயற்கை நுண்ணறிவு. கோர்ட்டானாவுக்குக் குரல் கொடுத்த ஜென் டெய்லரே இவளுக்கும் குரல் கொடுத்திருக்கிறார். அதே குரலில் களங்கமில்லாத வேறொரு பெண்ணைக் கேட்கும்போது, சீஃப் ஏன் அவளிடம் ஒவ்வொரு முறையும் ஒரு கணம் தயங்குகிறார் என்பது விளக்கம் தேவையில்லாமல் விளங்கிவிடுகிறது. முதல் ஆட்டத்திலிருந்து சீஃபாகப் பேசிவரும் ஸ்டீவ் டவுன்ஸ் அந்தத் தயக்கத்தை மிகக் குறைந்த சொற்களில் கொண்டுவருகிறார். வீட்டின் பழைய பிரெஞ்சு வட்டுகளுக்குப் பிறகு, இந்தக் குரல்களைக் கேட்பதே எனக்கு ஒரு நிறைவு.

இனி, நான் மிகவும் பொருட்படுத்தும் விஷயத்துக்கு வருகிறேன்.

2021 டிசம்பர் 8 அன்று ஆட்டம் வந்தபோது அதன் கதைப் பகுதியை இருவர் சேர்ந்து ஆட முடியவில்லை. இணையம் வழியாகவும் முடியாது, ஒரே டிவியிலும் முடியாது. இரண்டும் பிறகு வரும் என்று சொன்னார்கள். இணையம் வழி நான்கு பேர் வரை ஆடும் வசதி 2022 நவம்பரில், அதாவது ஏறத்தாழ ஓராண்டு கழித்து வந்தது. ஒரே டிவியில் ஆடும் வசதி வரவேயில்லை. 2022 செப்டம்பரில் அதைக் கைவிட்டதாக அறிவித்தார்கள்; அந்த உழைப்பை மற்ற மேம்பாடுகளுக்குச் செலவிட வேண்டியிருக்கிறது என்பது காரணம். 2017-இல் கொடுத்த வாக்கு பலர் எதிர் பலர் ஆடும் மல்டிபிளேயர் பகுதியில் மட்டும் காப்பாற்றப்பட்டது. இதில் என்னை வருத்துவது, பட்டியல்களின் வழியே சில குறுக்கு வழிகளில் நுழைந்து கதைப் பகுதியைத் திரை பிரித்து ஓட்டிக் காட்டியவர்கள் இருந்தார்கள் என்பதுதான். அந்த வேலை பாதி தூரமாவது வந்திருந்தது என்பதற்கு அதைவிடச் சான்று வேண்டுமா?

"இணையத்தில் சேர்ந்து ஆடிக்கொள்ளலாமே" என்று சொல்பவர்களுக்கு எங்கள் பக்கத்து வீடுகளின் கணக்கை எடுத்துச் சொல்ல விரும்புகிறேன். எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எஸ் 2020 நவம்பர் 10 அன்று இந்தியாவில் 34,990 ரூபாய்க்கு வந்தது. ஓர் ஆளுக்கு அது பெரிய செலவு. இருவர் சேர்ந்து ஆட வேண்டுமானால் அது இரண்டு கன்சோல், இரண்டு டிவி, இருவருக்கும் சந்தா என்று பெருகுகிறது. ஒரே கூடத்தில் ஒரே டிவி இருக்கும் வீட்டில், அண்ணனும் தம்பியும் சேர்ந்து ஆடத் தேவைப்பட்டது இன்னொரு கன்ட்ரோலர் மட்டும்தான். அந்த இன்னொரு கன்ட்ரோலர்தான் இந்தப் பகுதியில் ஹேலோவைப் பரப்பியது என்று நான் நம்புகிறேன். எனக்குத் தெரிந்து இந்த ஆட்டத்துக்கு வந்த எவரும் விளம்பரத்தைப் பார்த்து வரவில்லை. யார் வீட்டிலோ, யாருடைய இரண்டாவது கன்ட்ரோலரையோ வாங்கித்தான் வந்தார்கள்.

2024 நவம்பர் இறுதியில் ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது இதை நேரிலேயே உணர்ந்தோம். பள்ளிகளுக்கு விடுமுறை. எங்கள் தெருவுக்கு மின்சாரம் திரும்பிவிட்டது. இணைய இணைப்பு வர மேலும் சில நாள் ஆயிற்று. அண்ணன் குடும்பத்தோடு வந்திருந்தான். இன்ஃபினிட் கன்சோலில் இருந்தது, தனியாக ஆடலாம். ஆனால் கூடத்தில் ஆறு பேர் இருந்தோம். அலமாரியின் மேலிருந்த பழைய 360-ஐ இறக்கித் தூசு தட்டி ஹேலோ 3-ஐப் போட்டோம். அண்ணனின் மகனுக்கு அப்போது 14 வயது. மேல்பாதித் திரை அவனுக்கு, கீழ்ப்பாதி அவன் அப்பாவுக்கு. "சித்தப்பா, இது ஏன் புது ஹேலோல இல்ல?" என்று அவன் கேட்டான். அண்ணன் என்னைப் பார்த்தான். நான் மேலே எழுதிய காரணத்தைச் சொன்னேன். பையன் அதை ஏற்கவில்லை.

இணையம் வழிச் சேர்ந்தாட்டத்தைப் பிறகு அவனோடு ஆடிப் பார்த்தேன். அவன் சென்னையில், நான் கடலூரில். நன்றாகவே செய்திருக்கிறார்கள் என்பதை மறைக்கக் கூடாது. யார் எந்தக் கட்டத்தை முடித்தாலும் அது அவரவர் கணக்கிலும் பதிவாகிறது. ஒருவருக்கொருவர் 1000 அடிக்கு மேல் விலக முடியாது என்ற எல்லை இருப்பதால் அவன் எங்கோ ஓடிப்போவதும் இல்லை. இரண்டு கொக்கிகள் ஒரே முகாமில் பறக்கும்போது ஏற்படும் குழப்பம் அவ்வளவு இன்பம். ஆனாலும் ஓராண்டு தாமதம் செய்த சேதத்தை அது சரிசெய்யவில்லை. முதல் மாதத்தில் என்னோடு சேர்ந்து ஆட ஆவலாக இருந்த நால்வரில் மூவர் தனித்தனியாகக் கதையை முடித்துவிட்டார்கள்; முடித்த கட்டத்தைத் திரும்ப ஆடும் வசதிகூட அந்த 2022 நவம்பரில்தான் வந்தது. அதற்குள் அவர்கள் வேறு ஆட்டத்துக்குப் போய்விட்டார்கள்.

மல்டிபிளேயர் பகுதியைப் பற்றி எனக்குத் தெரிந்தவர்களிடையே இருக்கும் கருத்துகள் கதைப் பகுதியைவிடக் கூர்மையானவை. அது 2021 நவம்பர் 15 அன்றே, அறிவித்திருந்த நாளுக்கு மூன்று வாரம் முன்னதாக, இலவசமாகத் திறக்கப்பட்டது. கணினி ஆட்டங்களுக்கான ஸ்டீம் என்ற இணையத் தளத்தில் மட்டும் ஒரே நேரத்தில் 2,70,000-க்கும் மேற்பட்டோர் ஆடிய நாட்கள் அவை. எக்ஸ்பாக்ஸில் இதற்குச் சந்தாவும் தேவையில்லை. புதுச்சேரி லாஸ்பேட்டையில் இருக்கும் என் கல்லூரி நண்பன், பல ஆண்டுகளாகக் கன்சோலைத் தொடாதவன், அந்த வாரம் மட்டும் என்னோடு ஐந்து இரவுகள் ஆடினான். நால்வர் எதிர் நால்வர் ஆட்டத்தில் எல்லோரும் ஒரே துப்பாக்கியோடு தொடங்குவதும், வலுவான ஆயுதத்தைக் களத்தில் போராடித்தான் எடுக்க வேண்டும் என்பதும் அவனுக்கு மிகவும் பிடித்தன. பணம் கொடுத்தவனுக்கு நல்ல துப்பாக்கி என்ற நிலை இதில் எங்குமே இல்லை. விற்பது கவசத்தின் நிறமும் வடிவமும் மட்டும்தான். ஆட ஆடப் பரிசுகளைத் திறந்து தரும் பேட்டில் பாஸ் வாங்கினால் அது காலாவதி ஆவதில்லை, ஓராண்டு கழித்து வந்தும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். வேலைக்குப் போகிறவர்களை மதித்து எடுத்த முடிவு இது. மற்ற நிறுவனங்களும் இதைப் பின்பற்ற வேண்டும் என்று மனதார விரும்புகிறேன்.

அதே நண்பன் இரண்டே மாதத்தில் விலகினான். அவன் சொன்ன காரணங்களை அப்படியே தருகிறேன், ஏனெனில் அவை அவனுடையவை மட்டும் அல்ல. நன்றாக ஆடினால் முன்னேற்றம் இல்லை, "இந்த வகை ஆட்டத்தை இத்தனை முறை ஆடு" என்று ஆட்டம் இட்ட பணிகளை முடித்தால்தான் முன்னேற்றம் என்று தொடக்கத்தில் வைத்திருந்தார்கள். எந்த வகை ஆட்டம் வேண்டும் என்று தேர்ந்தெடுக்கவும் விடவில்லை. எதிரணியை வீழ்த்திப் புள்ளி சேர்ப்பதே ஆட்டமான, ஹேலோவின் அடிப்படையான ஸ்லேயருக்குத் தனி வரிசையே முதல் மாதம் இல்லை, டிசம்பர் நடுவில்தான் சேர்த்தார்கள். தொடங்கும்போது 10 களங்கள் இருந்தன. 2022 மே மாதம் இரண்டாம் பருவம் வரும்வரை ஆறு மாதம் அந்தப் பத்தில்தான் சுற்றினோம். இலவச ஆட்டம் என்பது கடைவீதி போன்றது, கடையில் புதுச்சரக்கு வராவிட்டால் கூட்டம் பக்கத்துத் தெருவுக்குப் போய்விடும் என்றான் அவன். வணிகக் குடும்பத்துப் பிள்ளை, சொன்னது சரிதான்.

புதுச்சேரியில் பழைய ஆட்ட வட்டுகளை வாங்கி விற்கும் ஒரு சிறிய கடைக்கு நான் மாதம் ஒருமுறையாவது போவதுண்டு. அதன் உரிமையாளரிடம் இதைப் பற்றிப் பேசியிருக்கிறேன். ஹேலோ 3 வட்டை வாங்கியவர்கள் அதைத் திருப்பி விற்க வருவதே அரிது, இன்ஃபினிட் வட்டு வாங்கிய மாதத்திலேயே திரும்பி வந்துவிடுகிறது என்றார் அவர். ஒருமுறை முடித்தவுடன் தனியாக ஆடுபவனுக்கு வட்டு தேவைப்படுவதில்லை; அடுத்த ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு யாராவது வருவார்கள் என்று எதிர்பார்ப்பவன்தான் அதை வைத்திருக்கிறான். இது என் விளக்கம். அவர் வட்டுகளைத் துடைத்துக்கொண்டே தலையாட்டினார்.

பிற்பாடு ஆட்டம் மிகவும் தேறியது என்பதை அழுத்தமாகச் சொல்ல வேண்டும். 2022 நவம்பரில் வந்த ஃபோர்ஜ், நாமே களங்களை உருவாக்கும் கருவி, இந்த வரிசையில் இதுவரை வந்தவற்றில் மிக வலிமையானது. பொருட்களை அடுக்குவது மட்டுமல்ல, இந்தக் கதவு எப்போது திறக்க வேண்டும், இந்த விளக்கு யார் வந்தால் எரிய வேண்டும் என்ற விதிகளையும் எழுதலாம். அண்ணன் மகன் இதிலேயே ஒரு கோடை விடுமுறை முழுவதையும் கழித்தான்; கெடிலம் ஆற்றுப் பாலத்தைப் போல ஒரு பாலத்தை அமைத்து அதன் இரு முனைகளிலும் கொடிகளை நட்டு, என்னை அழைத்துத் தோற்கடித்தான். பணிகள் இல்லாமல் ஒவ்வோர் ஆட்டத்துக்கும் முன்னேற்றம் கிடைக்கும் முறையும் அதே 2022 நவம்பரில் வந்தது. 2023 டிசம்பரில், கணினி இயக்கும் எதிரிகளை நண்பர்களோடு சேர்ந்து எதிர்க்கும் ஃபயர்ஃபைட் திரும்ப வந்தது. இன்றைய இன்ஃபினிட், 2021 டிசம்பரில் இருந்திருக்க வேண்டிய இன்ஃபினிட். வந்த நாளில் இப்படி இருந்திருந்தால் லாஸ்பேட்டை நண்பன் இன்றும் என் பட்டியலில் பச்சை விளக்கோடு இருந்திருப்பான் என்பதில் எனக்கு ஐயமில்லை.

2025 நவம்பரில் வந்த புதுப்பிப்போடு பெரிய புதுப்பிப்புகள் நின்றுவிட்டன. 343 இண்டஸ்ட்ரீஸ் 2024 அக்டோபரிலேயே ஹேலோ ஸ்டூடியோஸ் என்று பெயர் மாற்றிக்கொண்டு, ஆட்டத்தை இயக்கும் அடிப்படை மென்பொருளான தன் சொந்த ஸ்லிப்ஸ்பேஸ் எஞ்சினைக் கைவிட்டு அன்ரியல் எஞ்சின் 5-க்கு மாறியது. ஆகவே இன்று வாங்குபவர், இனி வளராத, ஆனால் முழுமையான ஓர் ஆட்டத்தை வாங்குகிறார். தனியாக ஆடுபவர் என்றால் தாராளமாக வாங்கலாம். கதை 10 முதல் 12 மணி நேரம், சுற்றித் திரிந்தால் அதைவிட இரு மடங்கு. கேம் பாஸ் சந்தா இருந்தால் தனியே வாங்கவும் தேவையில்லை. குழந்தைகள் உள்ள வீடுகளில் கேட்பார்கள் என்பதால் சொல்கிறேன்: அமெரிக்கத் தரச்சான்று இதை 13 வயதுக்கு மேற்பட்டோருக்கு உரியது என்கிறது, ஐரோப்பியச் சான்று 16 என்கிறது. குருதி குறைவு, எதிரிகள் பெரும்பாலும் வேற்றுக்கோள் உயிர்கள். முதன்முறை ஆடுபவர்கள் 'நார்மல்' நிலையில் தொடங்கி, கொக்கி கைவந்ததும் 'ஹீரோயிக்' நிலைக்கு மாறினால் நான் மேலே சொன்ன சண்டைகளின் முழுச் சுவையும் கிடைக்கும்.

வீட்டில் இருவர் இருந்து, கன்சோல் ஒன்றுதான் என்றால், இன்ஃபினிட்டுக்கு முன்பாக மாஸ்டர் சீஃப் கலெக்‌ஷனை வாங்குங்கள். 2014-இல் வந்த அந்தத் தொகுப்பில் பழைய ஆட்டங்கள் பலவும் ஒன்றாக இருக்கின்றன, கதைப் பகுதியைத் திரை பிரித்து இருவர் ஆடலாம். எங்கள் வீட்டுச் சீரிஸ் எஸ்ஸில் இப்போது இரண்டும் இருக்கின்றன. தனியாக இருக்கும் இரவுகளில் இன்ஃபினிட். அண்ணன் வந்தால் மற்றது.

முதல் ஹேலோவைப் புதிதாக உருவாக்கி 2026-இல் ஹேலோ: கேம்பெயின் எவால்வ்டு என்ற பெயரில் தரப்போவதாகவும், அது பிளேஸ்டேஷன் 5-க்கும் வரும் என்றும் 2025 அக்டோபரில் அறிவித்தார்கள். படத்தின் அழகையும் மூலக் கதையையும் பற்றி நான் அண்ணனிடம் தொலைபேசியில் பேசிக்கொண்டே போனேன். அவன் இடைமறித்து, "டேய், ரெண்டு பேர் ஆடலாமா, அதச் சொல்லு" என்றான். கன்சோலில் திரை பிரித்து இருவர் ஆடலாம் என்று அறிவிப்பிலேயே இருக்கிறது என்றேன். அப்படியானால் பழைய கன்ட்ரோலரின் பேட்டரி மூடியைத் தேடி வைக்கச் சொன்னான். தேடிக்கொண்டிருக்கிறேன்.